முதல் உலகப் போர்ல ஜப்பான் டெஸ்ட்ராயர் நம்ம ஆளுங்க கப்பலுக்கு காவல் வந்துச்சா? 'சகாகி' கப்பல் பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

கவுண்டன்யா கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் குடியாத்தம். ரொம்ப நாளா மனசுல இருக்கிற ஒரு விஷயம், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

எங்க பெரிய அத்தைக்கு இப்ப 88 வயசு. அவங்க தாத்தா, எனக்கு கொள்ளுத்தாத்தா, முதல் உலகப் போருக்கு போய்ட்டு வந்தவரு. போறதுக்கு முன்னாடி மாட்டு வண்டி ஓட்டிட்டு இருந்தாராம், பேர்ணாம்பட்டுக்கும் குடியாத்தத்துக்கும் தோல் மூட்டை, புளி மூட்டை ஏத்திட்டு போறது. அத்தை சின்ன பொண்ணா இருக்கச்ச திண்ணையில உக்கார வச்சு கப்பல் கதை சொல்லுவாராம். அத்தை எங்களுக்கு சொன்னதை அப்படியே எழுதுறேன்.

அவரு "மார்சேலு"ன்ற ஊர்ல கப்பல் ஏறி "அலைச்சந்திரா"ன்ற ஊர்ல இறங்கினாராம். பெரிய கப்பல், ஆயிரக்கணக்குல சிப்பாய்ங்க, கீழ் தட்டுல குதிரையும் கோவேறு கழுதையும். ராத்திரி ஆனா ஒரு விளக்கு எரியக்கூடாது, பீடி பத்த வச்சா கூட அடிதான். ரெண்டு பக்கமும் ரெண்டு சின்ன கப்பல், புகை கக்கிக்கிட்டு பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு கூடவே வந்துச்சாம். அந்த சின்ன கப்பல்ல இருந்தவங்க ஜப்பான்காரங்களாம். கொடியில சூரியன், அதை சுத்தி கதிர் கதிரா சிவப்பு கோடு. "நம்மள விட குள்ளமா இருப்பானுங்க, ஆனா ராவு பகலு தூங்க மாட்டானுங்க"ன்னு சொல்லுவாராம்.

வீட்டுல யாரும் இதை நம்புனது இல்ல. ஏன்னா 1942ல ஜப்பான்காரன் குண்டு போட வர்றான்னு மெட்ராஸே காலியாச்சு, எங்க சொந்தக்காரங்களே ரெண்டு குடும்பம் மூட்டை முடிச்சோட குடியாத்தம் வந்து மாசக்கணக்குல தங்கினாங்க. அந்த ஜப்பான்காரன் எப்படி வெள்ளைக்காரன் கப்பலுக்கு காவல் வருவான், பெரியவரு வயசான காலத்துல எதையோ எதோட கலந்து சொல்றாருன்னு விட்டுட்டாங்க.

போன வாரம் நெட்ல மேஞ்சிட்டு இருக்கச்ச ஒரு பழைய போட்டோ கண்ணுல பட்டுச்சு, முன்பக்கமே இல்லாத ஒரு கப்பல், பேரு சகாகி, ஜப்பான் டெஸ்ட்ராயர் (சின்ன, வேகமான போர்க்கப்பல்), 1917ன்னு போட்டிருந்துச்சு. பாத்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. யாருக்காவது இந்த கப்பலோட கதை முழுசா தெரியுமா? எங்க பெரியவரு சொன்னது நெசமா இருக்க வாய்ப்பு இருக்கா?

---

காட்பாடி ஜங்ஷன் எழுதியது:

எனக்கு என்னமோ ரெண்டு போரும் கலந்துட்ட மாதிரிதான் தெரியுது நண்பா, தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டாவது போர்ல ஜப்பான் நமக்கு எதிர் பக்கம், 1942 ஏப்ரல் 6ஆம் தேதி விசாகப்பட்டினத்துலயும் காக்கிநாடாவுலயும் குண்டு போட்டாங்க, அதுக்கு அப்புறம்தான் மெட்ராஸ் காலியாச்சு, 43ல ஒரு பிளேன் வந்து மெட்ராஸ்லயே போட்டுட்டு போச்சு. எங்க வீட்டுலயும் இதே கதை சொல்லுவாங்க. வயசானவங்க ஞாபகத்துல முன்ன பின்ன ஆகறது சகஜம். இருந்தாலும் தெரிஞ்சவங்க வந்து சொல்லட்டும், நானும் தெரிஞ்சுக்கிறேன்.

---

நீராவி எழுதியது:

கவுண்டன்யா, உங்க பெரியவரு கலந்து சொல்லவே இல்ல. அவரு சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அந்த காலத்துக்கு பொருந்துது. நான் இருபது வருஷமா நீராவி காலத்து போர்க்கப்பல் பத்தி படிச்சிட்டு இருக்கேன், இந்த கதையை தமிழ்ல ஒருத்தர் கேட்டு நான் பாத்ததே இல்ல, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதுறேன்.

முதல்ல காட்பாடி தம்பியோட சந்தேகம். 1902லயே பிரிட்டனும் ஜப்பானும் கூட்டு ஒப்பந்தம் போட்டுக்கிட்டாங்க. அதனால 1914 ஆகஸ்ட் 23ஆம் தேதி ஜப்பான் ஜெர்மனி மேல போர் அறிவிச்சுது. முதல் போர்ல ஜப்பான் பிரிட்டன் பக்கம்தான், அதுல சந்தேகமே வேணாம். அடுத்த மாசம், செப்டம்பர் 22 ராத்திரி, எம்டன்ற ஜெர்மன் போர்க்கப்பல் வந்து மெட்ராஸ்ல எண்ணெய் டேங்க்கை கொளுத்திட்டு போச்சே, இன்னைக்கும் நம்ம ஊர்ல கெட்டிக்காரனை பாத்து "சரியான எம்டன்டா"ன்னு சொல்றோமே, அந்த எம்டனை தேடுன கப்பல்கள்ல ஜப்பான் கப்பலும் உண்டு. எம்டன் நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவுல ஆஸ்திரேலியாவோட சிட்னின்ற போர்க்கப்பல்கிட்ட அடிபட்ட அன்னைக்கு, ஆஸ்திரேலியா நியூசிலாந்து சிப்பாய்ங்க போன கப்பல் கூட்டத்துக்கு பக்கத்துல காவலா நின்னதுல ஒண்ணு இபுக்கின்ற ஜப்பான் குரூசர், அதாவது டெஸ்ட்ராயரை விட பெரிய போர்க்கப்பல்.

இப்ப சகாகிக்கு வர்றேன். 1914ல போர் ஆரம்பிச்சப்ப ஜப்பான்கிட்ட தூரக்கடல்ல ஓடக்கூடிய டெஸ்ட்ராயர் ரொம்ப கம்மி. அவசரத்துக்கு ஒரே மாதிரி பத்து கப்பல் கட்ட முடிவு பண்ணாங்க, காபா வகைன்னு பேரு. அதுக்கு முன்னாடியே டர்பைன் போட்ட டெஸ்ட்ராயர் கட்டி பாத்திருந்தாங்க, ஆனா இதுக்கு வேணும்னே பழைய பிஸ்டன் நீராவி இன்ஜினையே போட்டாங்க, காரணம் அதுதான் கை பழகுனது, வேகமா செஞ்சு முடிக்கலாம், கப்பல் கட்டுற எந்த யார்டுல குடுத்தாலும் செய்வாங்க. கடற்படை யார்டு, தனியார் யார்டுன்னு பிரிச்சு குடுத்து பத்தையும் சுமார் அரை வருஷத்துல முடிச்சாங்க. சகாகி சாசெபோ கடற்படை யார்டுல 1914 டிசம்பர்ல ஆரம்பிச்சு 1915 மார்ச்ல வேலை முடிஞ்சு கடலுக்கு போயிடுச்சு. நம்ம பக்கம் ஒரு வீடு அஸ்திவாரம் போட்டு லிண்டல் வர்றதுக்குள்ள அவங்க ஒரு போர்க்கப்பலை கட்டி முடிச்சிட்டாங்க!

665 டன், 83 மீட்டர் நீளம், 30 நாட் (மணிக்கு சுமார் 55 கிலோமீட்டர்) வேகம், 9500 குதிரைத்திறன், மூணு புரொப்பல்லர். கரியும் எண்ணெயும் ரெண்டும் எரிக்கிற பாய்லர். முன்னாடி ஒரு 12 சென்டிமீட்டர் பீரங்கி, அப்புறம் சின்ன பீரங்கி நாலு, டார்பிடோ (தண்ணிக்குள்ள பாயுற குண்டு) விடுற குழாய் நாலு. ஆளுங்க 92 பேர். இந்த 92ன்ற எண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

பேரும் சொல்லிடறேன். அவங்க வழக்கப்படி இந்த சைஸ் டெஸ்ட்ராயருக்கெல்லாம் மரம் செடி பேருதான். மாட்ஸுன்னா பைன், ஊமேன்னா பிளம், குசுனோகின்னா கற்பூர மரம். சகாகின்றது அவங்க கோயில்ல சாமிக்கு படைக்கிற இலை தர்ற மரம், எப்பவும் பச்சையா இருக்கும். நமக்கு வில்வம் மாதிரின்னு வச்சுக்கலாம்.

1917 பிப்ரவரில ஜெர்மனி எந்த கப்பலை பாத்தாலும் சொல்லாம கொள்ளாம சப்மரைன் வச்சு மூழ்கடிக்கிறதுன்னு இறங்கிடுச்சு. மெடிட்டரேனியன் கடல்ல (மத்திய தரைக்கடல்) சிப்பாய் ஏத்திட்டு போற கப்பலுக்கு காவல் குடுக்க பிரிட்டன்கிட்ட டெஸ்ட்ராயர் பத்தல. ஜப்பானை கேட்டாங்க. அகாஷின்ற குரூசர், கூட எட்டு காபா வகை டெஸ்ட்ராயர், சாட்டோ கோசோன்ற அட்மிரல் தலைமையில கிளம்பி ஏப்ரல் நடுவுல மால்டா போய் சேர்ந்தாங்க. அந்த எட்டுல சகாகியும் ஒண்ணு, மாட்ஸுவும் ஒண்ணு.

போய் ஒரு மாசம் கூட ஆகல. மே 4ஆம் தேதி. டிரான்சில்வேனியான்ற பெரிய கப்பல், சுமார் 3000 சிப்பாய்ங்களோட, பிரான்ஸ்ல இருக்கிற மார்சேல்ஸ்ல இருந்து எகிப்துல இருக்கிற அலெக்சாண்டிரியாவுக்கு. காவலுக்கு மாட்ஸுவும் சகாகியும். இத்தாலி கரை ஓரமா சவோனா பக்கத்துல ஜெர்மன் சப்மரைன் யு-63 டார்பிடோ விட்டுச்சு, கப்பல் மேல அடிச்சிருச்சு. ஒரு கப்பல் அடிபட்டா பக்கத்துல நிக்கிறதே ஆபத்து, அடுத்த டார்பிடோ நின்னுட்டு இருக்கிற கப்பலுக்குத்தான். ஆனா மாட்ஸு நேரா போய் முங்கிட்டு இருக்கிற கப்பலோட உரசி நின்னு சிப்பாய்ங்களை ஏத்திக்கிச்சு, சகாகி சுத்தி சுத்தி வந்து சப்மரைனை தலை தூக்க விடாம பாத்துக்கிச்சு. ரெண்டாவது டார்பிடோவும் வந்துச்சு, மாட்ஸு சட்டுனு பின்னாடி எடுத்து தப்பிச்சது, அது திரும்பவும் டிரான்சில்வேனியாவையே அடிச்சது, கப்பல் கொஞ்ச நேரத்துல போயிடுச்சு. 400 பேருக்கு மேல செத்தாங்க. ஆனா மிச்சம் அத்தனை பேரும் பொழச்சாங்க.

மார்சேல்ஸ், அலெக்சாண்டிரியா. உங்க பெரியவரு சொன்ன "மார்சேலு", "அலைச்சந்திரா". எனக்கு படிக்கச்சவே கண்ணு கலங்கிடுச்சு. மிச்சத்தை ராத்திரி எழுதுறேன், சகாகிக்கு ஜூன் மாசம் நடந்ததை அவசரத்துல எழுத மனசு வரல.

---

ஆற்காடு டீச்சர் எழுதியது:

நீராவி சார், ரொம்ப நன்றி. அலைச்சந்திரா! என்ன அழகா மாத்தியிருக்காங்க பாருங்க. கடல் அலையும் சந்திரனும் சேர்ந்த ஒரு ஊரா அந்த மனுஷன் அலெக்சாண்டிரியாவை தன் நாக்குக்கு பழக்கி வச்சிருக்காரு. கவுண்டன்யா தம்பி, உங்க அத்தை சொல்றதை உடனே போன்ல ரெக்கார்டு பண்ணி வைங்க, தயவு செஞ்சு தள்ளிப்போடாதீங்க. நான் முப்பத்தோரு வருஷம் சரித்திரம் சொல்லிக்குடுத்தவ, எங்க வீட்டு பெரியவங்க சொன்னதை எழுதி வைக்கலையேன்னு இன்னைக்கும் வருத்தப்படுறேன்.

வேலூர்ல ஆபீசர்ஸ் லைனும் லாங் பஜாரும் சேர்ற முனையில வெள்ளைக்காரன் காலத்து நினைவுச் சின்னம் ஒண்ணு நிக்குதே, எத்தனை பேரு அதை நின்னு படிச்சிருக்கீங்க? அதுல ஒரு பக்கம் எழுதியிருக்கு, இந்த ஊர்ல இருந்து 1914-18 பெரும் போருக்கு 277 பேர் போனாங்க, அவங்கள்ல 14 பேர் உயிரை குடுத்தாங்கன்னு. நான் வருஷா வருஷம் எட்டாங்கிளாஸ் பசங்களை கூட்டிட்டு போய் அதை சத்தமா படிக்க வைப்பேன். பேரு கிடையாது, வெறும் எண்ணிக்கைதான். வேலூர் அப்பதான் வட ஆற்காடு ஜில்லாவுக்கு தலைநகரம் ஆகி மூணு வருஷம், 1911 வரைக்கும் சித்தூர்தான் தலைநகரமா இருந்துச்சு. திரும்பி வந்த 263 பேரும் எங்க போனாங்க, எந்த கப்பல்ல போனாங்க, யார் காவல்ல போனாங்கன்னு பசங்க கேப்பாங்க, எனக்கு பதில் சொல்லத் தெரியாது. இன்னைக்கு ஒரு பதில் கிடைச்சிருக்கு.

குடியாத்தம் ஆளு அந்த 277ல வரமாட்டாரு, அது வேலூர் கணக்கு. ஆனா ஒரே கடல்தானே.

---

காட்பாடி ஜங்ஷன் எழுதியது:

நீராவி அண்ணா, தெரியாம பேசிட்டேன், மன்னிச்சிடுங்க. கவுண்டன்யா நண்பாவும் மன்னிக்கணும். ஆனா உக்காந்து தேடி படிச்சதுல ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு, அதையும் சொல்லணும். ஜப்பான் சும்மா வரல. கப்பல் அனுப்பறதுக்கு பதிலா, ஜெர்மனிகிட்ட இருந்து புடிச்ச சைனாவோட ஷாண்டோங் உரிமையும் பசிபிக் தீவுகளும் போர் முடிஞ்சதும் எங்களுக்கே இருக்கணும், அதுக்கு நீங்க ஆதரவு தரணும்னு 1917 பிப்ரவரில பிரிட்டன்கிட்ட ரகசியமா வாக்கு வாங்கிக்கிட்டாங்க. அப்ப இது தியாகம்னு சொல்லலாமா, வியாபாரம் இல்லையா? சைனாக்காரங்களுக்கு இந்த கதை வேற மாதிரி இருக்கும்.

---

நீராவி எழுதியது:

காட்பாடி தம்பி, மன்னிப்பெல்லாம் எதுக்கு. நீங்க சொன்னது சரி, அந்த ரகசிய பேரம் நடந்துச்சு, டோக்கியோவுல உக்காந்து இருந்தவங்களுக்கு அது கணக்குதான். நம்ம ஆளுங்களை அனுப்புன வெள்ளைக்காரனுக்கும் அது கணக்குதான். நான் பேசுறது அந்த 92 பேரை பத்தி. பாய்லர்ல கரி அள்ளி போடுறவனுக்கு ஷாண்டோங்ல என்ன பங்கு? உங்க குடியாத்தம் வண்டிக்காரருக்கு பாலஸ்தீனத்துல என்ன பங்கு இருந்துச்சோ அதேதான்.

ஜூன் 11, 1917. டிரான்சில்வேனியா நடந்து அஞ்சு வாரம். மாட்ஸுவும் சகாகியும் ஒரு காவல் வேலையை முடிச்சிட்டு மிலோஸ் தீவுல இருந்து கிரீட் பக்கம் திரும்பிட்டு இருந்தாங்க. பகல் வேளை. ஆஸ்திரியா-ஹங்கேரியோட சப்மரைன் யு-27 விட்ட டார்பிடோ சகாகியோட முன்பக்கத்துல அடிச்சது. அடிச்ச அடியில கப்பலோட மூக்குல இருந்து பிரிட்ஜ் (கேப்டன் நின்னு கப்பலை நடத்துற மேடை) வரைக்கும் இருந்தது எல்லாமே சிதறிப்போச்சு. நீங்க பாத்த போட்டோ அதுதான். பிரிட்ஜ்ல நின்னுட்டு இருந்த கேப்டன் உஎஹாரா தாய்ச்சி செத்துட்டாரு. மொத்தம் 59 பேர். 92 பேர்ல 59. மூணுல ரெண்டு பங்கு ஆளுங்க ஒரே நிமிஷத்துல போயிட்டாங்க.

கப்பல் மட்டும் மூழ்கல. இதைத்தான் நான் எப்ப நினைச்சாலும் ஆச்சரியப்படுவேன். அவசரத்துல சில மாசத்துல கட்டுன கப்பல், பாதி முகம் இல்லாம, பின்பக்கம் தடுப்பு சுவர் தாங்கி மிதந்துச்சு. கட்டி இழுத்துட்டு போய் கிரீட்ல சேத்தாங்க, அப்புறம் கிரீஸ்ல பிரேயஸ் துறைமுகத்துல மாசக்கணக்குல வேலை பாத்து புது முன்பக்கம் வச்சு திரும்பவும் கடலுக்கு அனுப்புனாங்க. போர் முடிஞ்சு மத்த கப்பலோட ஜப்பானுக்கு திரும்பி போய், 1932 வரைக்கும் கடற்படை பட்டியல்ல இருந்துச்சு.

யு-27 சாதாரண சப்மரைன் இல்ல. அடுத்த வருஷம் மே மாசம் பீனிக்ஸ்ன்ற பிரிட்டிஷ் டெஸ்ட்ராயரை அதுதான் மூழ்கடிச்சது. ஆஸ்திரியா-ஹங்கேரி கடற்படையால மூழ்குன ஒரே பிரிட்டிஷ் டெஸ்ட்ராயர் அது.

சகாகி அடிபட்டதும் ஜப்பான் பின்வாங்கல. இசுமோன்ற பெரிய குரூசரும் இன்னும் நாலு புது டெஸ்ட்ராயரும் அந்த வருஷமே வந்து சேர்ந்துச்சு. பிரிட்டனே ரெண்டு டெஸ்ட்ராயரை இவங்ககிட்ட ஓட்ட குடுத்தாங்க, அதுக்கு கன்ரான், செண்டான்னு ஜப்பான் பேரு வச்சு ஜப்பான் ஆளுங்களே ஓட்டுனாங்க. போர் முடியறதுக்குள்ள மொத்தம் 788 கப்பலுக்கு காவல் போனாங்க, அதுல போன சிப்பாய்ங்க சுமார் 7 லட்சம் பேர். "ராவு பகலு தூங்க மாட்டானுங்க"ன்னு உங்க பெரியவரு சொன்னாரே, அதுக்கு கணக்கே இருக்கு. மெடிட்டரேனியன்ல இருந்த நாட்கள்ல ஜப்பான் டெஸ்ட்ராயருங்க 72 சதவீதம் கடல்ல ஓடிட்டு இருந்துச்சு. பிரிட்டிஷ் 60, பிரெஞ்சு, இத்தாலி 45. அவரு கண்ணால பாத்ததை நூறு வருஷம் கழிச்சு நான் எண்ணிக்கையில படிக்கிறேன், ரெண்டும் ஒண்ணா இருக்கு.

பாம்பு மாதிரி வளைஞ்சு ஓடுனதும் அப்படித்தான். நேரா போனா சப்மரைன்காரன் கணக்கு போட்டு குறி வச்சிடுவான், அதனால சில நிமிஷத்துக்கு ஒரு தரம் திசை மாத்திக்கிட்டே ஓடணும். பெரிய கப்பலும் வளையும், ஆனா சின்னது கூட வளையறதுதான் கண்ணுக்கு தெரியும்.

பிரெஞ்சுக்காரங்க இந்த காபா வகையை பாத்துட்டு எங்களுக்கும் இதே மாதிரி வேணும்னு ஜப்பான்கிட்டயே பன்னிரண்டு கப்பல் கட்டி வாங்கிக்கிட்டாங்க. இது சாதாரண விஷயமா எனக்கு தெரியல, ஏன்னா வெறும் பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி ஜப்பானுக்கு டெஸ்ட்ராயர் கட்டவே தெரியாது. அதோட முதல் தலைமுறை பூரா லண்டன்ல தேம்ஸ் ஆத்தங்கரையில 'யாரோ' (Yarrow), 'தார்னிகிராப்ட்'னு ரெண்டு கம்பெனி கட்டி குடுத்தது.

அந்த முதல் தலைமுறையில எனக்கு பிடிச்சது சஸானமி. 1899ல அந்த 'யாரோ' கம்பெனி கட்டுனது, சுமார் 300 டன், 31 நாட். 1904 பிப்ரவரி 8 ராத்திரி போர்ட் ஆர்தர் துறைமுகத்துல ரஷ்யக் கப்பல் மேல பத்து டெஸ்ட்ராயர் பாய்ஞ்சு ரஷ்யா-ஜப்பான் போரை ஆரம்பிச்சு வச்சதே, அதுல இதுவும் ஒண்ணு. மூணு பெரிய ரஷ்யக் கப்பல் அடிபட்டுச்சு. அடுத்த வருஷம் மே 28ஆம் தேதி, அதே போர்ல சுஷிமா கடல் சண்டை நடந்த மறுநாள், சஸானமியும் ககேரோன்ற இன்னொரு டெஸ்ட்ராயரும் தப்பிச்சு ஓடிட்டு இருந்த ரெண்டு ரஷ்ய டெஸ்ட்ராயரை பாத்தாங்க. ஒண்ணு ஓடிடுச்சு, பெடோவின்ற இன்னொண்ணு வெள்ளைக் கொடி காட்டிடுச்சு. ஏறி பாத்தா உள்ள படுத்துட்டு இருக்கறது யாரு? ரஷ்யப் படைக்கே தளபதியான ரோஷெஸ்ட்வென்ஸ்கி, தலையில காயம் பட்டு கிடக்கிறாரு! 300 டன் கப்பல் ஒரு அட்மிரலையே கைது பண்ணிடுச்சு. அவரை கொண்டு போய் வைத்தியம் பாத்த ஊரு சாசெபோ, ஜெயிச்ச அட்மிரல் டோகோ அங்க ஆஸ்பத்திரிக்கே போய் அவரை பாத்து ஆறுதல் சொன்னாரு. பத்து வருஷம் கழிச்சு அதே சாசெபோவுலதான் சகாகி பொறந்துச்சு. லண்டன்ல வாங்குனவங்க பசங்க, லண்டன்காரனுக்கே காவல் போனாங்க.

கவுண்டன்யா, ஒண்ணு மட்டும் நேர்மையா சொல்லிடணும். உங்க பெரியவரு கூட வந்தது சகாகிதான்னு பேரு போட்டு சொல்றதுக்கு வழி இல்ல, அந்த ஜப்பான் படையில இருந்த டெஸ்ட்ராயர்ல எதுவா வேணா இருக்கலாம். ஆனா அந்த படைதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. பிரான்ஸ்ல இருந்த இந்திய குதிரைப்படையை 1918 ஆரம்பத்துல எகிப்துக்கு மாத்துனாங்க, குதிரையும் கோவேறு கழுதையும் கப்பல்ல இருந்துச்சுன்னு சொல்றாரே, அந்த நேரம்தான்னு என் மனசுக்கு படுது.

---

பழைய தம்பி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் மெட்ராஸ் சாப்பர்ஸ்ல (ராணுவத்தோட இன்ஜினியர் படை) 17 வருஷம் இருந்துட்டு வந்தவன், எங்களுக்கு ஆர்மி பூரா "தம்பி"ன்னுதான் பேரு, அதனால இந்த பேரு வச்சிருக்கேன். ஊரு கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டை, எங்க ஊரை மிலிட்டரி பேட்டைன்னே சொல்லுவாங்க, வீட்டுக்கு ஒருத்தர் படையில இருப்போம்.

கப்பல் பத்தி எனக்கு தெரியாது, நீராவி சார் எழுதுனதை ரெண்டு தடவ படிச்சேன். 59 பேருன்னு படிச்சப்ப ஒரு நிமிஷம் போனை கீழ வச்சிட்டேன். கூட இருந்தவங்க ஒரே நாள்ல போறதுன்னா இன்னான்னு எங்களுக்கு தெரியும்.

கவுண்டன்யா தம்பி, உங்க வீட்டுல அவரு மெடல் இருக்கா பாருங்க. பித்தளை சொம்பு, பழைய டிரங்க் பொட்டி, சாமி அலமாரி, எல்லாத்தையும் தேடுங்க. ஒரு பக்கம் ராஜா தலை, இன்னொரு பக்கம் குதிரை மேல ஒரு ஆளு, கீழ 1914, 1918னு இருக்கும். பாலீஷ் போடாதீங்க, புளி போட்டு தேய்க்காதீங்க! அது ரொம்ப முக்கியம். மெடலோட விளிம்புல, காசை உருட்டுனா தரையில படுமே அந்த இடத்துல, பொடி எழுத்துல நம்பர், வேலை, பேரு, எந்த படைப்பிரிவு எல்லாம் வெட்டியிருப்பாங்க. பூதக்கண்ணாடி வச்சு பாருங்க, இல்லன்னா போன்ல டார்ச் சாய்ச்சு அடிச்சு போட்டோ எடுங்க.

வெள்ளியா இருந்தா சண்டை போட்ட சிப்பாய். வெண்கலமா இருந்தா கூட போன வேலைக்காரங்க, கூலிப்படை, வண்டி ஓட்டுனவங்க. வெண்கலம்னு யாரும் குறைச்சு நினைக்க வேணாம், கம்மியாத்தான் குடுத்தாங்க, அதனால இன்னைக்கு கிடைக்கறது அபூர்வம். வண்டிக்காரருன்னு சொல்றீங்க, கோவேறு கழுதைன்னு சொல்றீங்க, அப்ப எஸ் அண்ட் டி கார்ப்ஸா இருக்கும்னு நினைக்கிறேன், அதாவது சப்ளை அண்ட் டிரான்ஸ்போர்ட். தண்ணி, தோட்டா, தீவனம் எல்லாம் முன்வரிசைக்கு கொண்டு போனது அவங்கதான். அவங்க இல்லன்னா யாரும் ஒரு நாள் சண்டை போட்டிருக்க முடியாது.

---

ஆற்காடு டீச்சர் எழுதியது:

நீராவி சார் எழுதுனதுல ஒண்ணு சேத்துக்கறேன். செத்துப்போன அந்த ஜப்பான் மாலுமிங்களுக்கு மால்டாவுல கல்காரான்ற இடத்துல கடற்படை இடுகாட்டுல ஒரு நினைவுத்தூண் இருக்கு. 1921ல பட்டத்து இளவரசரா இருந்த ஹிரோஹிட்டோ அங்க போய் மரியாதை செலுத்தினாரு, 2017ல பிரதமர் ஷின்சோ அபேயும் போனாரு. நூறு வருஷம் கழிச்சும் அந்த நாட்டு பிரதமர் தேடிப் போறாரு பாருங்க. நம்ம 14 பேருக்கு லாங் பஜார் முனையில பேரு கூட இல்லாத ஒரு பலகை, அதுக்கு கீழ தள்ளுவண்டி. நான் தள்ளுவண்டிக்காரரை குறை சொல்லல, அவரு பொழப்பு அது. அந்த பேருங்களை யாராவது தேடி எழுதணும்னு எனக்கு ரொம்ப ஆசை. செத்தவங்க பதிவு காமன்வெல்த் போர்க் கல்லறை கமிஷன் தளத்துல தேடலாம், ஊர் பேரு போட்டும் சில பதிவு வரும். யாராவது என் கூட உக்காந்து தேட வர்றீங்களா?

---

காட்பாடி ஜங்ஷன் எழுதியது:

டீச்சர், நான் வர்றேன். சனி ஞாயிறு எனக்கு லீவு, லேப்டாப் எடுத்துட்டு ஆற்காடே வந்துடறேன். நேத்து சாயங்காலம் வேலை முடிஞ்சு நேரா லாங் பஜார் போய் அந்த பலகையை முதல் தடவையா நின்னு படிச்சேன். பொறந்ததுல இருந்து அந்த வழியா போயிருக்கேன்.

---

கவுண்டன்யா கரை எழுதியது:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. மூணு நாளா வீட்டை தலைகீழா புரட்டிட்டோம். கடைசில கிடைச்சது எங்க தெரியுமா, அத்தையோட சுருக்குப் பையிலயே இருந்திருக்கு. வெத்தலை பாக்கோட சேத்து எழுபது வருஷமா இடுப்புல வச்சிட்டு இருந்திருக்காங்க, தாத்தா காசுன்னு நினைச்சுக்கிட்டு. யாரும் கேக்கல, அவங்களும் சொல்லல.

வெண்கலம். ராஜா மூக்கு தேய்ஞ்சு போயிடுச்சு, குதிரை நல்லா தெரியுது. பழைய தம்பி அண்ணா சொன்ன மாதிரி டார்ச் சாய்ச்சு அடிச்சு பாத்தோம். முதல்ல ஒரு நம்பர், நாலு எழுத்து தெரியுது, அஞ்சாவது தேய்ஞ்சிருக்கு. அப்புறம் டிரைவர்னு இங்கிலீஷ்ல. பேரு பாதி. கடைசில எஸ், ஒரு சின்ன குறி, டி, கார்ப்ஸ். எங்க நைனா அதை படிச்சிட்டு ஒண்ணும் பேசாம எழுந்து வெளிய போயிட்டாரு. அவரு தாத்தா சொன்னதை சின்ன வயசுல அவரும் நம்பல, அதான்.

நீராவி அண்ணா எழுதுனதை முழுசா அத்தைக்கு படிச்சு காட்டினேன், ரெக்கார்டும் பண்ணிட்டேன் டீச்சர். அத்தை கண்ணை மூடி கேட்டுட்டு இருந்தாங்க. 59 பேருன்னதும் "ஐயோ, யார் பெத்த புள்ளைங்களோ"ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு புதுசா ஒண்ணு சொன்னாங்க, இதுவரைக்கும் எங்ககிட்ட சொல்லவே இல்ல. அலைச்சந்திராவுல இறங்குறப்ப அந்த சின்ன கப்பல்காரங்க வரிசையா நின்னு தொப்பியை கழட்டி ஆட்டினாங்களாம், தாத்தா தலைப்பாகையை அவுத்து ஆட்டினாராம், காத்துல புடுங்கிட்டு கடல்ல விழுந்துடுச்சாம். அதுக்கு அப்புறம் ஒரு மாசம் வெறும் தலையோட வெயில்ல கழுதை ஓட்டினாராம்.

பழைய தம்பி அண்ணா, ஞாயித்துக்கிழமை மெடலை எடுத்துக்கிட்டு கம்மவான்பேட்டை வரலாமா? அந்த அஞ்சாவது எண்ணு 3ஆ 8ஆன்னு உங்க கண்ணுல பாக்கணும். அத்தையும் வர்றேன்றாங்க, அவங்க கையில இருந்து தரமாட்டேன்னுட்டாங்க.